கேரவன் பேட்டரிக்கு எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் கேரவன் (காருக்குப் பின்னால் இழுக்கும் வீட்டு வண்டி) வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அதை ஈஸ்டருக்கும், ஜூலை விடுமுறையில் டிராகன்ஸ்பர்க் மலைக்கும், டிசம்பரில் தென்கரைக் கடலோரத்துக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். மற்ற மாதங்களில் அது சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்குள் நிற்கும். ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டிய டீப் சைக்கிள் பேட்டரி (ஆழமாகக் காலியாக்கித் திரும்ப நிரப்பும் வகை) இரண்டாம் வருடமே படுத்துவிட்டால் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். சார்ஜரையும் ஒயரையும் மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேதான் கிடைக்கும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு அரை வோல்ட் தொடர்ந்து குறைந்தால் போதும், தகடுகளில் சல்ஃபேட் இறுகிக் கொள்ளளவு போய்விடும். மூடிய பேட்டரிக்கு அரை வோல்ட் தொடர்ந்து கூடினால் போதும், உள்ளிருக்கும் ஈரம் வற்றிவிடும், திரும்ப ஊற்ற வழியே கிடையாது.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கக் கடைகளில் கேரவனுக்கு என்று விற்கும் 102, 105 ஏஎச் (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அளவு) பேட்டரிகளில் பல, மேல்மூடி ஒட்டப்பட்டு "மெயின்டனன்ஸ் ஃப்ரீ" என்று எழுதி வருகின்றன. மூடியைத் திறக்க முடியவில்லை என்பதாலேயே அதை ஏஜிஎம் (ஆசிட் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும் மூடிய வகை) என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது கால்சியம் கலந்த தகடுகளும் திரவ ஆசிடும் உள்ள பேட்டரிதான். எடையே ஓரளவு காட்டிக்கொடுக்கும். 100 ஏஎச் ஏஜிஎம் சுமார் 30 கிலோ இருக்கும், திரவ ஆசிட் வகை அதைவிடச் சில கிலோ குறைவாக இருக்கும். சந்தேகம் இருந்தால் லேபிளில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தரவுத்தாளைத் தேடி எடுங்கள். அதில் உள்ள எண்தான் கடைசித் தீர்ப்பு. கீழே சொல்பவை தாள் கிடைக்காதபோது தைரியமாக வைக்கக்கூடிய எண்கள். எல்லாம் 12 வோல்ட் பேட்டரிக்கு, 25 டிகிரி செல்சியஸில். அப்சார்ப்ஷன் என்பது பேட்டரியை முழுக்க நிரப்பும் வோல்டேஜ், ஃபிளோட் என்பது நிரம்பியதை அப்படியே வைத்திருக்கும் வோல்டேஜ்.

தண்ணீர் ஊற்றும் திறந்த வகைக்கு அப்சார்ப்ஷன் 14.6 முதல் 14.8 வரை, ஃபிளோட் 13.2 முதல் 13.5 வரை. ட்ரோஜன் நிறுவனம் தன் திரவ ஆசிட் பேட்டரிகளுக்கு ஒரு செல்லுக்கு 2.47 வோல்ட் சொல்கிறது, ஆறு செல்லுக்கு அது 14.8. கால்சியம் மூடிய வகைக்கு 14.4 முதல் 14.8 வரை, ஃபிளோட் 13.5 முதல் 13.8 வரை. ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7 வரை, ஃபிளோட் அதே 13.5 முதல் 13.8. ஜெல் பேட்டரிக்கு 14.1 முதல் 14.4 வரைதான். அதற்கு மேல் போனால் ஜெல்லுக்குள் வாயுக் குமிழிகள் உண்டாகி, அந்தக் குழிகள் நிரந்தரமாகத் தங்கிவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு 14.2 முதல் 14.4 வரை. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

இந்த எண்களில் ஃபிளோட்டையும் அப்சார்ப்ஷனையும் குழப்பிக்கொள்வதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. பழைய கேரவன்களில் 13.6 அல்லது 13.8 வோல்ட்டில் நிலையாக நிற்கும் ஒரு பவர் சப்ளை பெட்டி இருக்கும். விளக்கும் பம்பும் ஓட அது போதும். பாதி காலியான பேட்டரியை அந்த வோல்டேஜில் நிரப்ப நாட்கணக்கில் ஆகும். வார இறுதி முழுக்க கேரவன் பார்க்கின் நீல பிளக்கில் செருகி வைத்திருந்தாலும், வீடு திரும்பும்போது பேட்டரி முழுமையாக நிரம்பியிருக்காது. நிரம்பாமல் விட்ட அந்தக் கடைசிப் பங்குதான் தகட்டில் கெட்டியான சல்ஃபேட்டாக மாறுகிறது. சின்ன மூன்று கட்ட சார்ஜர் ஒன்றை வாங்கி வைத்தாலே இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். பெட்டியை விளக்குகளுக்கு மட்டும் விட்டுவிடலாம்.

மூன்று கட்டத்தை எண்களோடு சொன்னால்தான் புரியும். 105 ஏஎச் பேட்டரி பாதி காலியாக இருக்கிறது, 10 ஆம்பியர் சார்ஜர் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு மணி நேரம் போல முழு 10 ஆம்பியரும் உள்ளே போகும், வோல்டேஜ் மெல்ல ஏறும். அது பல்க். 14.6 வந்ததும் சார்ஜர் வோல்டேஜை அங்கேயே பிடித்து வைக்கும், ஆம்பியர் தானாக இறங்கத் தொடங்கும். அது அப்சார்ப்ஷன். இந்தக் கட்டத்தில் பேட்டரி ஏறத்தாழ 80 சதவீதம்தான் நிரம்பியிருக்கும். மிச்ச 20 சதவீதத்துக்கு இன்னும் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும், பழைய பேட்டரி என்றால் அதற்கு மேலும். உள்ளே போகும் ஆம்பியர் கொள்ளளவில் 1 அல்லது 2 சதவீதத்துக்கு, அதாவது 105 ஏஎச் பேட்டரிக்கு 1 முதல் 2 ஆம்பியருக்கு இறங்கி, அங்கேயே ஒரு மணி நேரம் நின்றால்தான் அது நிரம்பிய பேட்டரி. அதன்பின் சார்ஜர் குறைந்த வோல்டேஜுக்கு இறங்கி நிற்பது மூன்றாவது கட்டமான ஃபிளோட். பச்சை விளக்கு எரிவதை மட்டும் நம்பாதீர்கள். பல மலிவு சார்ஜர்கள் 14.4ஐத் தொட்டவுடனேயே பச்சை காட்டிவிடும்.

சார்ஜரின் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். திரவ ஆசிடுக்குக் கொள்ளளவில் 10 முதல் 13 சதவீதம், ஏஜிஎம்முக்கு 20 சதவீதம் வரை. 105 ஏஎச் ஒற்றை பேட்டரிக்கு 10 அல்லது 15 ஆம்பியர் சார்ஜர் சரியானது. 4 ஆம்பியர் சார்ஜர் நிறுத்திவைத்த வண்டியைப் பராமரிக்க மட்டும்தான்.

வெப்பநிலை

இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டில் இதை விடவே முடியாது. ஜனவரியில் க்ரூகர் பக்கம் வெயிலில் நிற்கும் கேரவனின் முன்பெட்டிக்குள் பேட்டரி 40 டிகிரியைத் தாண்டும். அதே பேட்டரி ஜூலையில் டிராகன்ஸ்பர்க்கிலோ கரூவில் உள்ள சதர்லாந்திலோ விடியற்காலையில் உறைநிலைக்கு அருகில் இருக்கும். லெட்-ஆசிட் பேட்டரி சூடானால் குறைந்த வோல்டேஜிலேயே வாயு விடத் தொடங்கும். குளிர்ந்தால் கூடுதல் வோல்டேஜ் கொடுத்தால்தான் உள்ளே வாங்கும்.

கணக்கு இதுதான். ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் திருத்தம். நடுவில் 4 என்று எடுத்தால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு 24 மில்லிவோல்ட். 25க்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் கழிக்க வேண்டும், கீழே போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் கூட்ட வேண்டும். 14.8 வேண்டிய பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் 15 டிகிரிக்கு 0.36 கழித்து 14.4 போதும். 5 டிகிரியில் இருந்தால் 20 டிகிரிக்கு 0.48 கூட்டி 15.3 வேண்டும். வெயில் காலத்தில் சரியாக இருந்த அமைப்பை மாற்றாமல் மலைக்குக் கொண்டுபோனால் மூன்றாம் நாள் இரவு விளக்கு மங்குவது இதனால்தான்.

சார்ஜருடன் வெப்ப சென்சார் வந்தால் அதைப் பேட்டரியின் மேலோ நெகட்டிவ் முனையிலோ ஒட்டுங்கள். சென்சார் சார்ஜருக்குள்ளேயே இருக்கும் மாடல் என்றால் சார்ஜரும் பேட்டரியும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். சார்ஜர் கட்டிலுக்கு அடியில், பேட்டரி முன்பெட்டியில் என்று வைத்தால், சார்ஜர் அறையின் சூட்டைப் பார்த்துப் பேட்டரிக்கு முடிவெடுக்கும். சென்சாரே இல்லாத சார்ஜர் என்றால் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு எண்களைத் தாளில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.

வோல்டேஜை எங்கே அளப்பது

பேட்டரியின் முனையில், சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது. வேறெங்கு அளந்தாலும் அந்த எண் பேட்டரிக்குப் பயன்படாது. சார்ஜரின் திரையில் 14.6 தெரியும், மல்டிமீட்டரின் முள்ளை நேராகப் பேட்டரி முனையின் ஈயத்தில் வைத்தால் 14.1 இருக்கும். கிளாம்பின் மேல் வைக்காமல் முனையின் ஈயத்திலேயே வைக்க வேண்டும். கிளாம்புக்கும் முனைக்கும் வித்தியாசம் வந்தால் கிளாம்பில் துரு பிடித்திருக்கிறது, கடற்கரையில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். மீட்டரையும் ஒருமுறை சரிபாருங்கள். நல்ல மீட்டரே 14 வோல்ட்டில் 0.05 வோல்ட் போலத் தவறலாம். பேனலில் பதித்து வரும் சின்ன சிவப்பு எண் மீட்டர்கள் 0.2 வரை தவறுவதைப் பார்க்கிறோம்.

வழியில் வோல்டேஜைத் தின்பது ஒயர். இழுக்கும் வண்டியின் முன்பக்கத்திலிருந்து கேரவன் பேட்டரி வரை 10 மீட்டர், திரும்பி வர 10 மீட்டர், ஆக 20 மீட்டர் செம்பு. 6 சதுர மி.மீ. ஒயரில் இந்த நீளத்துக்குத் தடை சுமார் 0.058 ஓம். 20 ஆம்பியர் போனால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டர் (இஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) 14.2 கொடுத்தால் கேரவனில் 13. பேட்டரி நிரம்ப நிரம்ப ஆம்பியர் குறையும், இழப்பும் குறையும், கடைசியில் சரியாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. கொள்கையளவில் அது சரி. ஆனால் அதே ஒயரில் மூன்று வழி (12 வோல்ட், வீட்டு மின்சாரம், கேஸ் மூன்றிலும் ஓடும்) ஃப்ரிட்ஜையும் மாட்டியிருப்பார்கள். 12 வோல்ட்டில் அது 10 முதல் 15 ஆம்பியர் வரை இடைவிடாமல் இழுக்கும். 12 ஆம்பியர் என்றால் 0.7 வோல்ட் இழப்பு பயணம் முழுக்க நிலையாக நிற்கும். பேட்டரி 13.5க்கு மேல் போகவே போகாது. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரை ஆறு மணி நேரம் ஓட்டினாலும் அது அரைகுறைதான். ஃப்ரிட்ஜுக்குத் தனி ஒயர், தனி ரிலே போடுங்கள். பேட்டரி சார்ஜுக்கு 16 சதுர மி.மீ., 50 ஆம்பியர் சாம்பல் நிற ஆன்டர்சன் பிளக் (அதிகக் கரண்ட்டுக்கான இணைப்பு), இரண்டு முனையிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 40 அல்லது 50 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு முனையிலும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். நடுவில் ஒயர் நசுங்கினால் இரு பக்கத்துப் பேட்டரியும் அதற்குள் கரண்ட்டைக் கொட்டும்.

புதிய பக்கி (பிக்கப்) வண்டிகளிலும் எஸ்யூவிகளிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க, இஞ்சின் பேட்டரி நிரம்பியதும் கணினி ஆல்டர்னேட்டரை 12.5, 12.8 வோல்ட்டுக்கு இறக்கிவிடும். மலைச்சரிவில் இறங்கும்போது 15க்கு அருகில் ஏற்றும். வோல்டேஜைப் பார்த்து இரு பேட்டரிகளையும் இணைக்கும் சுவிட்சான பழைய வோல்டேஜ் ரிலே 13.3ல் இணைந்து 12.8ல் துண்டிக்கும். இந்த வண்டியில் அது ஓயாமல் இணைந்தும் துண்டித்தும் கொண்டிருக்கும், சார்ஜ் மட்டும் ஏறாது. இதற்கு மருந்து டிசி-டிசி சார்ஜர் ஒன்றுதான். எந்த வோல்டேஜ் வந்தாலும் அதை உயர்த்தியோ இறக்கியோ உங்கள் பேட்டரிக்கான மூன்று கட்டத்தைத் தானே கொடுக்கும். அதைக் கேரவன் பக்கத்தில், பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் மாட்டுங்கள். இஞ்சின் ஓடுகிறது என்று அறிய இக்னிஷன் ஒயர் ஒன்று தனியாகப் போக வேண்டும், வோல்டேஜை மட்டும் நம்ப முடியாது. 25 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர், உள்ளே வரும் வோல்டேஜ் குறையும்போது 32 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால்தான் 16 சதுர மி.மீ. கேட்கிறோம்.

சோலார் கன்ட்ரோலர்

சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துவது கன்ட்ரோலர். விக்ட்ரான் போன்ற எம்பிபிடி (பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் வகை) கன்ட்ரோலர்களில் தொழிற்சாலை அமைப்பு அப்சார்ப்ஷன் 14.4, ஃபிளோட் 13.8. ஏஜிஎம்முக்கு அது பொருந்தும். திறந்த வகைக்குக் குறைவு, போனில் திறந்து 14.8க்கு ஏற்றி ஃபிளோட்டை 13.5க்கு இறக்குங்கள். மலிவான நீல நிற பிடபிள்யூஎம் (எளிய வகை) கன்ட்ரோலர்களில் பேட்டரி வகையை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும். அவற்றின் மெனுவில் 13.7 என்று வருவது ஃபிளோட். அதை 14.6க்கு மாற்றி "இப்போது நன்றாக ஏறுகிறது" என்று மகிழ்பவர்கள் உண்டு. அப்படி மாற்றினால் நிற்கும் நாள் எல்லாம் பேட்டரி கொதித்துக்கொண்டே இருக்கும். அதே மெனுவில் 10.7 என்று ஒரு எண் இருக்கும், லோடை (மின்சாரம் இழுக்கும் சாதனங்களை) துண்டிக்கும் வோல்டேஜ் அது. டீப் சைக்கிள் பேட்டரி அந்த அளவுக்கு இறங்கினால் முழுக்கக் காலி. விளக்கு, ஃபேன் போன்ற சிறிய லோடுக்கு 11.8 வையுங்கள். பாதியளவுக்குக் கீழே அடிக்கடி இறக்காமல் இருந்தால் பேட்டரியின் சுற்றுகள் (காலியாக்கி நிரப்பும் தடவைகள்) ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

அப்சார்ப்ஷன் நேரத்தையும் பாருங்கள். சில கன்ட்ரோலர்கள் ஒரு மணி நேரத்திலேயே ஃபிளோட்டுக்கு இறங்கிவிடும். மாற்ற முடிந்தால் திரவ ஆசிடுக்கு மூன்று, நான்கு மணி நேரம் வையுங்கள்.

லோட்ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டில் கேரவன் பேட்டரியைக் கழற்றி வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டியவர்கள் ஏராளம். 2022, 2023இல் ஒரே நாளில் மூன்று நான்கு முறை கரண்ட் போனது. இரண்டு மணி நேரம் இறக்கி, நான்கு மணி நேரம் ஏற்றி, மறுபடியும் இறக்கி என்று போனால் அப்சார்ப்ஷன் முடிய ஒருபோதும் நேரம் கிடைக்காது. அந்த வருடங்களில் செத்த பேட்டரிகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். இப்படி உழைத்த பேட்டரி உங்களிடம் இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது லோடு எதுவும் இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் முழு சார்ஜ் கொடுங்கள். திறந்த வகை என்றால் ஈக்வலைஸும் செய்யலாம்.

ஈக்வலைஸ் என்பது முழு சார்ஜுக்குப் பிறகு வேண்டுமென்றே 15.5 முதல் 16.2 வோல்ட் வரை ஏற்றி, செல்களைச் சமமாக்குவது. தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும். ஏஜிஎம், ஜெல், லித்தியம் எதற்கும் கூடாது. ஆசிட் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். நிரம்பிய செல் 1.265 முதல் 1.280 வரை காட்டும். செல்லுக்குச் செல் 0.030க்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் ஈக்வலைஸ் வேண்டும். அதற்கு முன் கேரவனின் எல்லா லோடையும் துண்டியுங்கள். எல்இடி விளக்கும் ரேடியோவும் 16 வோல்ட்டைத் தாங்காது. பெட்டியின் கதவைத் திறந்து வையுங்கள், கேஸ் அடுப்பையும் ஃப்ரிட்ஜின் கேஸ் சுடரையும் அணையுங்கள். வெளியே வருவது ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். மணிக்கு ஒருமுறை அளந்து, அடர்த்தி மேலே ஏறுவது நின்றதும் நிறுத்துங்கள். பேட்டரி 50 டிகிரியை நெருங்கினால் உடனே நிறுத்துங்கள். டிஸ்டில்டு தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்பே முழுக்க ஊற்றினால் சார்ஜில் ஆசிட் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அதை மூடும் அளவுக்கு முதலில் ஊற்றுங்கள்.

லித்தியம்

லித்தியத்துக்கு மாறுபவர்கள் கூடிவருகிறார்கள். பழைய சார்ஜரையே விட்டுவைக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. 14.2 முதல் 14.4க்குள் நின்று, வெப்பத் திருத்தத்தையும் ஈக்வலைஸையும் அணைக்க முடிந்தால் விட்டுவைக்கலாம். இதில் நான்கு செல்கள்தான், 14.8 கொடுக்கும் அமைப்பில் ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் ஆகிவிடும். 3.65 அருகில் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று) துண்டித்துவிடும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் நேராக இணைந்த நிலையில் அப்படித் துண்டித்தால் வோல்டேஜ் ஒரே பாய்ச்சலாக எகிறி, ஆல்டர்னேட்டரின் டையோடுகளையே எரிக்கும். டிசி-டிசி சார்ஜர் இங்கே கட்டாயம்.

வெப்பத் திருத்தத்தை அணைப்பது இந்த நாட்டின் குளிர்காலத்துக்கு முக்கியம். 5 டிகிரி காலையில் லெட்-ஆசிட் கணக்கில் அரை வோல்ட் கூட்டினால் லித்தியத்துக்கு அது அதிகம். உறைநிலைக்குக் கீழே சார்ஜே கூடாது, ஆனோடில் உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பிஎம்எஸ் தானே தடுக்கும். வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கேரவனுக்குள், கட்டிலுக்கு அடியில் வைத்தால் பெரும்பாலான இரவுகளில் பிரச்சினையே வராது. வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது. 13.3க்கும் 13.0க்கும் நடுவில் பாதிக்கு மேற்பட்ட கொள்ளளவு ஒளிந்திருக்கும். ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்க உதவும் சிறிய தடை) வைத்த பேட்டரி மானிட்டர் வேண்டும்.

முற்றத்தில் நிற்கும் மாதங்கள்

லெட்-ஆசிட் என்றால் முழுக்க நிரப்பி, மெயின் ஐசொலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து வையுங்கள். கேஸ் அலாரமும் டிராக்கரும் ஐசொலேட்டருக்கு முன்னாலேயே இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் மில்லிஆம்பியர்தான். ஆனால் 50 மில்லிஆம்பியர் ஒரு மாதத்தில் 36 ஏஎச். 105 ஏஎச் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. ஐசொலேட்டர் அணைந்த நிலையில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். கூரையில் பேனல் இருந்தால் தார்ப்பாய் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், 13.5 ஃபிளோட்டில் விடுங்கள். பேனல் இல்லையென்றால் மாதம் ஒருமுறை, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு அளங்கள். சார்ஜ் முடிந்த உடனே அளந்தால் மேற்பரப்பு வோல்டேஜ் ஏமாற்றும். 12.7 நிறைவு, 12.4க்குக் கீழே போனால் அன்றே சார்ஜ், 12.1 என்றால் பாதி. லித்தியத்தைப் பாதியளவில், 50, 60 சதவீதத்தில் வைத்து முழுக்கத் துண்டித்துவிடுங்கள், ஃபிளோட்டில் விட வேண்டாம்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் லெட்-ஆசிட் பேட்டரியை நிரப்பி, ஓய்வு கொடுத்து, 5 ஆம்பியர் லோடு ஒன்றை, 12 வோல்ட் 60 வாட் பல்பு போதும், இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். 105 ஏஎச்சில் 10 ஏஎச்தான் செலவாகும், எரியும்போதே 12.2க்கு மேல் நிற்க வேண்டும். 11.8க்கு இறங்கினால் மாற்றுப் பேட்டரி வாங்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வாங்குவதற்கு முன், பழையதற்குப் போய்க்கொண்டிருந்த வோல்டேஜை முனையில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் திருத்தாமல் மாட்டினால் புதியதும் அதே இரண்டு வருடம்தான்.